அளவும் மருந்தே

போபாலில் மகன் வீட்டிற்கு வந்திருந்த பாட்டிக்கு நீரிழிவு நோய் இருந்தது. சோற்றை விடுத்துச் சப்பாத்தியே உண்டுவந்தார். ஆயினும், இரத்தச் சர்க்கரை குறையவில்லை. பேத்தி கயல்விழி காரணத்தை ஆராய்ந்தாள்.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. கோதுமை மாவிலும் ஏறத்தாழ 70 கிராம் உண்டு. அது செரித்துக் குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கிறது.

“பாட்டி, தானியம் மாறினால் போதாது; அளவும் குறைய வேண்டும்” என்றாள்.

மருத்துவரும் அதனை ஏற்றார். “பாதித் தட்டில் கீரையும் வெண்டைக்காயும் இருக்கட்டும், சப்பாத்தி இரண்டு போதும். மாத்திரை உண்பதால், என்னைக் கேளாமல் உணவை விட்டுவிடாதீர்கள், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம்” என்றார்.

மறுநாள், கீரைப் பொரியலைக் கயல்விழியே பரிமாறினாள்.

சிந்தித்து எழுதுக: சோற்றை விடுத்தும் பாட்டிக்குச் சர்க்கரை குறையாதது ஏன்?