பழைய லேத்தில் பெல்ட் மாற்றுவது

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்து ஒற்றை ஷட்டர் பட்டறைகளில் ஓடும் பழைய லேத்துகளில் பெரும்பாலும் இரண்டு வகை பெல்ட் இருக்கும். ஒன்று, மோட்டாரிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்குப் போகும் வி-பெல்ட். மற்றது, கோன் புல்லி வைத்த லேத்தின் தட்டை பெல்ட்.

ஆழமாக கட் எடுக்கும்போது சக் திணறுவது, ஸ்டார்ட் செய்ததும் கீச்சிடுவது, கருகிய ரப்பர் வாடை, கவருக்குள் கறுப்புத் தூள் எல்லாம் பெல்ட் வழுக்குவதன் அடையாளங்கள். மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்குவதற்கு முன் கவரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கரண்ட் போன நேரத்தில்தான் பல பட்டறைகளில் இந்த வேலைக்கு உட்காருகிறார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. கை புல்லிக்கு நடுவில் இருக்கும்போது கரண்ட் திரும்பலாம். மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கவரைத் தொட வேண்டும்.

வி-பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றுவதும் மாட்டுவதும் பட்டறைகளின் மிக மோசமான பழக்கம். வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே இழுவையைத் தாங்கும் நூல்கள் அறுந்திருக்கும். அந்தப் பெல்ட் சில நாளிலேயே பள்ளத்துக்குள் புரண்டுகொள்ளும். மோட்டார் பேஸ் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை லேத் பக்கம் தள்ளினால் பெல்ட் கையோடு வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் மாலையே மண்ணெண்ணெய் விட்டு வைக்கலாம்.

அளவு பெல்ட்டின் முதுகிலேயே இருக்கும். ஏ என்றால் மேல் அகலம் 13 மி.மீ., பி என்றால் 17 மி.மீ. பி-52 என்பதில் 52 என்பது உள்சுற்று, அங்குலத்தில். எழுத்து அழிந்திருந்தால் வெளிச்சுற்றை நூலால் அளக்கலாம். பி வகையில் அது உள்சுற்றைவிடச் சுமார் 70 மி.மீ. கூடுதலாக இருக்கும். பழைய பெல்ட் நீண்டிருக்கும் என்பதால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஜோடியாக ஓடும் பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் மாற்றுவதே சரி. பழையது தொய்ந்து நிற்க, சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும்.

பள்ளத்தின் அடி பளபளப்பாக இருந்தால் புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள். வி-பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்தே ஓட வேண்டும். அடியைத் தொடக் கூடாது. தேய்ந்த புல்லியில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். மாட்டிய பின், இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரே நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்க்க வேண்டும். இழுவிசைக்கு எளிய கணக்கு: புல்லிகளுக்கு இடையே அரை மீட்டர் என்றால், நடுவில் அழுத்தும்போது 8 மி.மீ. அளவுக்கு இறங்கலாம். கம்பிபோல் முறுக்கி வைத்தால் போவது பெல்ட் அல்ல, மோட்டார் பேரிங்.

தட்டை பெல்ட்டில் சிக்கல் வேறு. கோன் புல்லி ஸ்பிண்டிலோடு இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கிறது. மூட்டில்லாத பெல்ட்டை ஸ்பிண்டிலை உருவாமல் உள்ளே விட முடியாது. நன்றாக ஓடும் பழைய ஸ்பிண்டிலைப் பெல்ட்டுக்காக உருவுவது வீண் வம்பு. பெல்ட்டை உள்ளே சுற்றிவிட்டு, முனைகளை மூலைமட்டம் வைத்து நேராக வெட்டி, அலிகேட்டர் கிளிப் அடித்து மூட்டினால் போதும். வெட்டு கோணலானால் பெல்ட் ஒரு பக்கமாகவே ஏறும். தோல் பெல்ட்டில் வழவழப்பான முடிப்பக்கம் புல்லியைத் தொட வேண்டும்.

ஓடும் லேத்தில் பெல்ட்டைக் கையால் அடுத்த படிக்குத் தள்ளும் வழக்கம் லைன் ஷாஃப்ட் காலத்து மிச்சம். 1948 தொழிற்சாலைச் சட்டம், ஓடும் புல்லியில் 15 செ.மீ.க்கு மேல் அகலமான பெல்ட்டைக் கையாளவே கூடாது என்றது. சின்ன லேத்தின் பெல்ட் அதைவிடக் குறுகியதுதான். ஆனாலும் கிளிப்பின் பல் விரலைக் கிழிக்கும். நிறுத்திவிட்டு மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

புது பெல்ட் முதல் ஒரு நாள் ஓட்டத்துக்குள் சற்றுத் தொய்யும். மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அப்போதே பெல்ட் எண்ணையும் மாற்றிய தேதியையும் கவரின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.