ரூட் பிரிட்ஜை நாமே நியமிக்க வேண்டும்

கேபிள் ஒன்று அறுந்தாலும் அலுவல் நின்றுவிடலாகாது என்ற முன்யோசனையால் இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டாவது பாதை அமைக்கிறோம். அப்பாதையே வளையமாகி நெட்வொர்க் முழுவதையும் முடக்குவதற்கு ஹேதுவாகிறது. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று விதிக்கப்பட்டு, ஒவ்வொரு ரௌட்டரைத் தாண்டும்போதும் அது குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் கைவிடப்படுகிறது. ஈதர்நெட் ஃபிரேமுக்கோ அத்தகைய வரம்பு ஏதும் இல்லாமையால், வளையத்தில் அகப்பட்ட ஒரேயொரு பிராட்காஸ்ட் ஃபிரேம் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் பிரதியெடுக்கப்பட்டு, ஓய்வின்றிச் சுற்றி, சொற்ப நேரத்தில் கேபிள்களின் கொள்ளளவு முழுவதையும் ஆக்கிரமித்துவிடும்.

இந்த அபாயத்தைத் தடுக்க, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணிபுரிந்த ரேடியா பெர்ல்மன் வகுத்து 1985இல் வெளியிட்ட ஸ்பானிங் ட்ரீ முறையை, இத்தொழிலில் நான் கண்ட சிருஷ்டிகளுள் மிக அழகியதென்று மதிக்கிறேன். முழு வரைபடத்தை எந்த ஸ்விட்சும் அறியாமலே, அண்டை ஸ்விட்சுகள் அனுப்பும் பிபிடியூ என்னும் சிறு செய்திகளை மட்டும் ஒப்பிட்டு, தங்களுள் ஒன்றை ரூட்டாக ஏற்று, அதனை அடையக் குறைந்த செலவுள்ள வழிகளைத் திறந்துவைத்து, மிகுதியானவற்றை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட போர்ட்டோ, பிரதான பாதை பழுதுறும்போது திறந்துகொள்வதற்குச் சித்தமாய்ச் செவிமடுத்திருக்கிறது.

ஆயினும் ரூட்டாவது எது என்பதை ஸ்விட்சுகளின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது விவேகமன்று. பிரயாரிட்டி எண் மிகச் சிறியதே ரூட்டாகும்; ஆலையிலிருந்து வரும்போது எல்லாவற்றின் பிரயாரிட்டியும் பொதுவாக 32768 ஆகவே இருப்பதால், மேக் முகவரி சிறியதற்கே அந்த ஸ்தானம் கிட்டும். பல இடங்களில் அது வயதில் மூத்த, வேகத்தில் குறைந்த ஸ்விட்சாகவே வாய்க்கிறது. நான் பரிசோதித்த ஒரு கல்லூரியில், ஆய்வுக்கூடத்து அலமாரியில் கிடந்த பழைய ஸ்விட்ச் ரூட்டாக அமர்ந்திருந்த காரணத்தால், பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய இரு மத்திய ஸ்விட்சுகளுக்கு இடையிலான ஃபைபர் அடைபட்டு, கட்டடங்களுக்கு நடுவேயான போக்குவரத்து அனைத்தும் அந்த அலமாரி வழியே ஊர்ந்துகொண்டிருந்தது. மத்திய ஸ்விட்சுகளில் ஒன்றுக்கு 4096, மற்றதற்கு 8192 என்று பிரயாரிட்டியை நிர்ணயித்ததும் ஃபைபர் திறந்துகொண்டது. புதிய இடத்தில் கால்வைத்ததும் ரூட் எது என்று பார்ப்பதையே நான் முதற் காரியமாகக் கொண்டிருக்கிறேன்.

பழைய முறையில் ஒரு போர்ட் திறக்க 30 விநாடி பிடிப்பதால் கணினிகள் முகவரி பெறத் தவறுகின்றன என்று காரணங்காட்டி, ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடுவோரைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். கணினி மாட்டும் போர்ட்டுகளில் மட்டும், காத்திராமல் உடனே திறக்கவைக்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கி, கூடவே பிபிடியூ கார்டையும் போட்டுவிட்டால், மேஜையடியில் யாரேனும் அறியாமல் இன்னொரு ஸ்விட்சைச் சொருகினாலும், அதிலிருந்து பிபிடியூ வந்த கணமே அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும்.

ஸ்பானிங் ட்ரீயின் இயல்பான டைமர்களை வைத்துக்கொண்டு, நெட்வொர்க்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை 7 ஸ்விட்சுகளுக்கு மேல் நீட்டுவதும் ஆகாது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அவ்வெல்லையைக் கடந்து விரிந்திருந்த நெட்வொர்க் சில நாட்கள் முடங்கி, மருத்துவர்கள் காகிதத்தில் எழுதிக் காரியம் நடத்த நேர்ந்தது. ஆதலால் கட்டடத்துக்குக் கட்டடம் பிரித்து, நடுவே ரௌட்டிங் செய்வதையே விரும்புகிறேன்.

இத்தனையும் அமைத்தபின், முன்னறிவிப்புச் செய்த ஓர் இரவில் பிரதான கேபிளை நானே பிடுங்கி, கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். 2001இல் வந்த ரேபிட் முறை சரிவர அமைந்திருப்பின் அடைபட்ட போர்ட் ஓரிரு விநாடிக்குள் திறந்துவிடும். 30 விநாடி நீடித்தால், பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் எங்கோ இருக்கிறதென்று அன்றிரவே தேடத் தொடங்குவேன்.