வரைந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புள்ளிக்கோலம் கற்பிக்கும் நான்கு நிமிடக் காணொலிப் பாடம் ஒன்றைத் தயாரித்திருந்தாள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதைத் திரையிட்டதும் வகுப்பே கைதட்டியது. ஆளுக்கொரு தாளில் கருத்து எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் இருந்தது ஒரே சொல்: "சூப்பர்."

மறுநாள் ஆறாம் வகுப்பில் அதே பாடத்தைக் காட்டினேன். "7 புள்ளி, 4 வரை" என்றது காணொலியில் இருந்த குரல். புள்ளிகள் முன்பே வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பாதியை வரைபவளின் கை மறைத்தது. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் வரிசைக்கு 7 புள்ளியாக 4 வரிசை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் வைத்தவை 28 புள்ளிகள். வைத்திருக்க வேண்டியவை ஊடுபுள்ளியாக 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிகள். "ஊடுபுள்ளி" என்ற சொல்லே பாடத்தில் வரவில்லை. தினமும் வாசலில் கோலம் போடும் அந்த மாணவிக்கு அது சொல்லாமலே தெரிந்த செய்தி. பார்த்துக் கைதட்டியவர்கள் யாரும் கோலம் போட்டுப் பார்க்கவில்லை. அதனால் குறை யார் கண்ணிலும் படவில்லை.

தவறு பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது. "பாடம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவர்கள் ஓவியம் எப்படி இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். அழகான ஓவியமும் நல்ல ஓவியப் பாடமும் ஒன்றல்ல. பார்ப்பவர் கையில் அந்த ஓவியம் வந்ததா என்பதே பாடத்துக்கான அளவுகோல்.

முதலில் கை, பிறகு கருத்து

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். பாடத்தைப் பின்பற்றி வரைந்து பார்க்காதவர் கருத்துச் சொல்லக் கூடாது.

கருத்துச் சொல்பவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பாடத்தை ஓடவிடுவார். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். ஆனால் நிறுத்திய ஒவ்வொரு முறையும் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாடம் தயாரித்தவர் அருகில் அமர்ந்து பேசாமல் பார்ப்பார். "அப்படி இல்லை, இப்படி" என்று விளக்கத் துடிப்பார், விடக் கூடாது. இணையவழிப் பாடத்தைத் தன் வீட்டில் பார்க்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அவர் இருக்கப்போவதில்லை அல்லவா?

வரைந்து முடித்த தாளே முதல் பின்னூட்டம். நான்கு பேர் ஒரே இடத்தில் தவறினால், திருத்தப்பட வேண்டியது அந்த நால்வர் அல்லர், பாடத்தின் அந்த இடம்.

மூன்று வரிகள்

பிறகு மூன்று வரிகள் மட்டும் எழுதுகிறார்கள்.

1. எனக்குத் தெளிவாகப் புரிந்த இடம்.
2. நான் நின்றுபோன இடம் (நிமிடம், நொடியுடன்).
3. இப்படிச் செய்து பார்க்கலாம்.

ஜான் ஹாட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007-இல் வெளியிட்ட பின்னூட்டம் பற்றிய கட்டுரையில், நல்ல பின்னூட்டம் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும் என்கிறார்கள். நான் எங்கே போகிறேன்? இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன்? அடுத்து என்ன? முதல் கேள்விக்கான விடையைப் பாடம் தயாரிக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுகிறேன்: "இதைப் பார்த்தவர் எதை வரையக் கற்றிருப்பார்?" மற்ற இரண்டுக்கும் மேற்கண்ட மூன்று வரிகள் விடை தருகின்றன.

"1 நிமிடம் 10 நொடியில் கை புள்ளிகளை மறைக்கிறது. கைப்பேசியை மேலிருந்து பிடித்தால் தெரியும்" என்று ஒருவன் எழுதினான். "முன்கேமராவில் எடுத்ததால் இடம் வலமாக மாறிவிட்டது" என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள். "சூப்பர்" என்று எழுதிய அதே பிள்ளைகள்தாம் இவர்கள்.

மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடச் சொல்வதில்லை. 1988-இல் ரூத் பட்லர் இஸ்ரேலிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போவதில்லை என்பதை விடைத்தாள் தரும் நாளில் நாமும் பார்க்கிறோம்.

எதைப் பற்றிப் பேசக் கூடாது

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். களிமண்ணில் யானை செய்யும் பாடத்தை ஒரு மாணவன் தன் வீட்டில் படம்பிடித்து வந்தான். படிகள் மிகத் தெளிவாக இருந்தன. ஆனால் வகுப்பில் எழுந்த முதல் குரல், "பின்னாடி ஓலைச் சுவரு தெரியுது" என்றது. சிலர் சிரித்தார்கள். நான் அதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவன் அடுத்த இரண்டு மாதம் எந்தப் பாடமும் தயாரிக்கவில்லை.

வகுப்பறையில் சீருடை எல்லோரையும் ஒன்றாகக் காட்டுகிறது. காணொலியோ வீட்டின் தரையையும் சுவரையும் அம்மாவின் குரலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறது. எனவே இப்போது கருத்து வழங்கும் முன் பிள்ளைகளே உரக்கச் சொல்கிறார்கள்: "கையைப் பற்றி, குரலைப் பற்றி, வீட்டைப் பற்றிப் பேசமாட்டோம். பாடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்." காணொலியில் முகம் வேண்டாம், கைகளும் தாளும் போதும். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் எல்லா வீடும் ஒரே வீடுதான். கைப்பேசி இல்லாதவர்கள் உணவு இடைவேளையில் என் கைப்பேசியில் படம்பிடிக்கிறார்கள். காணொலிகள் எங்கள் வகுப்புக் குழுவைத் தாண்டிப் போவதில்லை.

அந்த மாணவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவன் பாடத்தைப் பார்த்து நானே களிமண்ணில் யானை செய்தேன். தும்பிக்கை மூன்று முறை ஒடிந்தது. அவனிடம் காட்டினேன். "சார், தும்பிக்கைக்குள்ள ஈர்க்குச்சி வைக்கணும். அதைச் சொல்ல மறந்துட்டேன்" என்றான். அடுத்த வாரம் அதைச் சேர்த்துப் புதிதாகப் படம்பிடித்து வந்தான்.

கருத்துக்குப் பின்

வந்த கருத்துகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. எதை ஏற்றேன், எதை விட்டேன், ஏன் என்று பாடம் தயாரித்தவர் இரண்டு வரி எழுதினால் போதும். முழுப் பாடத்தையும் மாற்றச் சொல்வதில்லை. தடுமாறிய பகுதியை மட்டும் மீண்டும் எடுக்கிறார்கள். வரைந்து பார்க்க ஒரு பாடவேளை, கருத்து எழுதிப் பேச ஒரு பாடவேளை என மொத்தம் இரண்டு பாடவேளைகள் ஆகின்றன.

கோலப் பாடம் தயாரித்த மாணவி இப்போது வெற்றுத் தாளிலிருந்து தொடங்குகிறாள். நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, இரண்டு புள்ளிகளுக்கு இடையே விரலை வைத்து, "அடுத்த வரிசைப் புள்ளி இங்கே வரும், இதுதான் ஊடுபுள்ளி" என்கிறாள். முன்வரிசைச் சிறுவன் எண்ணிப் பார்த்தான். 37.

அடுத்த முறை உங்கள் மாணவர்கள் பாடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வந்தால், கருத்துக் கேட்கும் முன் வகுப்பில் எல்லோர் கையிலும் பென்சில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையிலும் ஒன்று இருக்கட்டும்.