வாக்கி-டாக்கியை ஆறடி தள்ளி வையுங்கள்

ரயில் நிலையம், விமான நிலையம், பெரிய வணிக வளாகங்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. கருவி, தாறுமாறாகத் துடித்துச் செயலிழக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும். அதற்கு முன், நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் வழியே இதயத் துடிப்பைப் படிக்கும். இதயத்திலிருந்து வரும் அந்த மின் சமிக்ஞை சில மில்லிவோல்ட்தான். பக்கத்தில் குனிந்து நிற்கும் காவலர் தோளில் உள்ள வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்திப் பேசினால், அந்த அலை குறுக்கிட்டு, கருவி துடிப்பைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம்.

கேட்பதால் பெரிய தொல்லை இல்லை. பொத்தானை அழுத்திப் பேசும்போதுதான் கவனம் வேண்டும். வாக்கி-டாக்கி, செல்போன் இரண்டையும் ஆறடியாவது, அதாவது சுமார் 2 மீட்டர், தள்ளி வையுங்கள். 108-ஐ அழைப்பவர் குரல் எட்டும் தூரத்தில் ஒதுங்கி நின்று பேசட்டும். ‘ஆய்வு நடக்கிறது’ என்று கருவி சொன்னதும் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது. அசைவும் இதே குழப்பத்தைத் தரும்.

ஆனால் ரேடியோவுக்குப் பயந்து ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள். முதலில் பட்டையை ஒட்டுங்கள், பிறகு மற்றவர்களை விலகச் சொல்லுங்கள். காவலர்களுக்கான பயிற்சியில் இதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.