பனிமலைத் துணைவர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே வானளாவ ஓங்கி நிற்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக விளங்கும் அம்மலைகளினூடே, பண்டுதொட்டு மக்கள் கடந்து செல்லும் வழிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாய். அது கடல் மட்டத்திற்கு மேல் 2,469 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது.

குளிர்காலம் வந்ததும் அக்கணவாய் வெண்பனியால் மூடப்பெறும். மேடும் பள்ளமும் ஒன்றாகத் தோன்றும், பாதை மறைந்துவிடும். எங்கும் பேரமைதி நிலவும். ஆயினும் அவ்வமைதியை நம்புதல் கூடாது. சரிவில் திரண்டிருக்கும் பனி திடீரெனப் பெயர்ந்து பேரிரைச்சலுடன் பாய்ந்து, எதிர்ப்பட்டவற்றையெல்லாம் புதைத்துவிடும். அவ்வழியில் ஓரிடம் ‘இறந்தோர் பள்ளத்தாக்கு’ என்றே வழங்கப்படுகிறது.

வழிப்போக்கர் படும் துன்பத்தைக் கண்டு மனம் இரங்கினார், பெர்னார்டு என்னும் சமயப் பெரியார். அவர் ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில் கணவாயின் உச்சியில் ஓர் அறச்சாலையை நிறுவினார். வருவோர் எந்நாட்டவராயினும், செல்வராயினும் வறியவராயினும், அங்கு உணவும் உறைவிடமும் பெற்றனர். துறவியர் அப்பணியை இன்றளவும் ஆற்றி வருகின்றனர்.

ஆழ்ந்த பனியில் நடப்பது எளிதன்று. அடி எடுத்து வைத்தால் கால் முழங்காலளவு புதையும். சிறிது தொலைவு செல்வதற்குள் வலிமை முழுதும் அற்றுப்போகும். ஆதலின் பனி நாட்டு மக்கள் மரச்சட்டத்தை வளைத்து, இடையே தோல்வாரை வலைபோல் பின்னி, அதனைக் காலணியின் அடியில் கட்டிக்கொண்டனர். இதுவே பனிமிதியடி. உடலின் எடை சிறு பரப்பில் குவியாது அகன்ற பரப்பில் பரவுவதால், கால் மிகுதியாகப் புதைவதில்லை.

மனிதன் அறிவால் தேடிக்கொண்ட இந்நலம், அங்குள்ள நாய்களுக்கு இயற்கையாகவே வாய்த்தது. அவற்றின் பாதங்கள் பெரியவை, அகன்றவை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அறச்சாலையில் நாய்கள் வளர்க்கப்பட்டன. தொடக்கத்தில் காவல் காத்த அவை, பின்னர் வழிகாட்டிகளுடன் பனியில் செல்லலாயின. அவை முன்னே சென்று மார்பால் பனியைப் பிளந்து வழி செய்யும். மூடுபனியிலும் வழி அறியும். புதைந்து கிடப்போரை மோப்பத்தால் கண்டுபிடிக்கும். மனிதர் மண்வாரியால் பனியை அகற்றி அவர்களை மீட்பர். கண்டறிதல் நாயின் தொழில். மீட்டுப் பேணுதல் மனிதரின் தொழில். ஒருவரின்றி மற்றவர் செயல் நிறைவுறாது.

அந்நாய்களுள் பெரும்புகழ் பெற்றது பேரி. 1800ஆம் ஆண்டில் பிறந்த அது, நாற்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் காக்க உதவியது என்பர். நாற்பத்தோராவது மனிதர் அதனை ஓநாய் என்று கருதிக் கொன்றுவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையன்று. பேரி முதுமையுற்றதும், 1812இல் பெர்ன் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1814இல் அங்கேயே இறந்தது. அதன் பாடம் செய்த உருவம் அந்நகரின் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் உள்ளது. நாயின் கழுத்தில் மதுக்குடுவை தொங்குவதாகக் காட்டும் படங்களும், லாண்ட்சீர் என்னும் ஓவியர் 1820இல் தீட்டிய ஓவியத்தை ஒட்டிப் பரவியவையே. இத்தகைய புனைவுகள் இல்லாமலே அதன் பெருமை விளங்கும்.

1964ஆம் ஆண்டில் கணவாயின் கீழே சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. பனியில் சிக்கியோரை மீட்க இக்காலத்தில் ஹெலிகாப்டர் விரைகிறது. 2005 முதல் அந்நாய்களை ஓர் அறக்கட்டளை பேணி வருகிறது. குளிர்காலத்தில் அவை அடிவாரத்து மார்ட்டினி நகரில் தங்கும். கோடையில் அவற்றுள் சில மலைமேல் செல்லும். ஆயினும் குளிர்காலத்தில் அறச்சாலையை அடைய, பனிமிதியடியோ பனிச்சறுக்குக் கட்டையோ அணிந்தே ஏறுதல் வேண்டும். அறிவுடையோர் புறப்படுமுன் பனிச்சரிவு எச்சரிக்கையை அறிந்துகொள்வர், தனியே செல்லார், இடர் மிகுந்த நாளில் பயணத்தை நிறுத்திவிடுவர்.

துணிவு மட்டும் மலையைக் கடக்க உதவாது. முன்னறிவும் துணையும் வேண்டும். முன்பின் அறியாதவருக்காகவும் உயிரைப் பொருட்படுத்தாது பனியில் இறங்கிய துறவியரும் வழிகாட்டிகளும் அவர்தம் நாய்களும் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.