எந்தப் பீரங்கியை வாங்குவது?



விடுதியில் என் அறைக்கு வருவோர் மேசைமீது நிற்கும் சிறு பீரங்கியைக் கண்டதும், "எங்கே வாங்கினாய்? என்ன விலை?" என்று கேட்பது வழக்கம். "ஏன் இதை வாங்கினாய்? வேறொன்றை ஏன் வாங்கவில்லை?" என்று எவரும் கேட்டதில்லை. நானும் அவ்வினாவை என்னையே கேட்டுக்கொள்ளாமல்தான் இக்கலையில் இறங்கினேன். இரண்டு முறை இடறி விழுந்தேன். அந்த அனுபவத்தை எழுதினால் பின்வருவோர்க்குப் பணமும் உழைப்பும் மிஞ்சுமே என்று சங்க நண்பர்கள் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

'மாடல் கிட்' என்பது என்ன? உண்மைப் பொருள் ஒன்றைக் குறித்த விகிதத்தில் சுருக்கி, அதன் உறுப்புகளைத் தனித்தனியே பிளாஸ்டிக்கில் வார்த்து, நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளப் பெட்டியிலிட்டுத் தருவதே அது. விமானம், கப்பல், டாங்கி எனப் பலவகை உண்டு. இழுவைப் பீரங்கியோ தனித்தன்மை உடையது. அது தானாக நகராது. வண்டி ஒன்று அதை இழுத்துச் செல்ல வேண்டும். ஆதலின் அதற்குக் கோலம் இரண்டு. வழியில் செல்கையில் ஒன்று, களத்தில் சுடுகையில் மற்றொன்று. டாங்கி வாங்குவோர்க்கு இல்லாத சிக்கல் நமக்கு இங்கேதான் தொடங்குகிறது.

நான் தேர்ந்தது 25 பவுண்டர் என்னும் பீரங்கி. பிரிட்டனில் உருவாகி, இரண்டாம் உலகப் போரில் பெரும் பங்கு கொண்டது. குழாயின் உள்விட்டம் 87.6 மில்லிமீட்டர். குண்டின் எடை 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ, பெயர் வந்த காரணம் இதுவே. குண்டு பாயும் தொலைவு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடுதலைக்குப் பின்னும் இது நம் நாட்டுப் படையில் நெடுநாள் இருந்தது. பின்னர் 105 மில்லிமீட்டர் இந்தியப் பீரங்கி இதன் இடத்தைப் பெற்றது.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் என் தாத்தா. வேலூர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து பீரங்கிப் படைக்குச் சென்றவர். 1971ஆம் ஆண்டுப் போரில் 25 பவுண்டரில் குறிபார்ப்பவராக இருந்தார். இப்போது ஒரு காது முற்றும் கேளாது. மறு காதில் உரக்கச் சொன்னால் கேட்கும். போரைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததில்லை. அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால்தான் முதற் பெட்டியை வாங்கினேன்.

1. அளவு

இராணுவ மாதிரிகளில் பெரிதும் வழங்கும் விகிதங்கள் மூன்று: 1/76, 1/72, 1/35. முதலாவது, பொம்மை இரயிலின் ஓர் அளவோடு ஒட்டி வளர்ந்தது. அதில் ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்கும். இரண்டாவதில் ஆறடி ஓர் அங்குலமாகும். ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் டாங்கிகளால் உலகெங்கும் பரவியது மூன்றாவது.

பெட்டியை எடுக்குமுன் சிறு கணக்கு ஒன்று போடுங்கள். 25 பவுண்டரின் நீளம் 4.6 மீட்டர். இதை 76ஆல் வகுத்தால் 6 சென்டிமீட்டர். 35ஆல் வகுத்தால் 13 சென்டிமீட்டர். நான் இக்கணக்கைப் போடவில்லை. விலை குறைவென்று 1/76 பெட்டியை வாங்கி, ஒரு வாரம் கண் சிவக்க உழைத்து, ஊருக்கு எடுத்துச் சென்றேன். தாத்தா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்கள். "அழகா இருக்குடா. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்பதை வைத்தே அளவை முடிவு செய்யுங்கள். படை முழுவதையும் ஒரே பலகையில் அணிவகுக்க விரும்புவோர்க்குச் சிறிய அளவே ஏற்றது. ஒரு பொறியின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளவும் விளக்கிக் காட்டவும் விரும்புவோர்க்கு 1/35 வேண்டும். இடத்தையும் மறவாதீர்கள். இன்று நம் படையிலுள்ள எம்777 பீரங்கி சுடும் நிலையில் 10.7 மீட்டர் நீளம். 1/35 அளவில் அது 30 சென்டிமீட்டரைத் தாண்டும். விடுதி மேசையில் புத்தகத்துக்கு இடமிராது.

2. நிலை

அடுத்த விடுமுறைக்கு 1/35 பெட்டி வாங்கினேன். இம்முறை வேறொரு பிழை செய்தேன்.

25 பவுண்டரின் அடியில் வண்டிச் சக்கரம் போன்ற வட்டத் தட்டு ஒன்று உண்டு. பயணத்தில் அது பின்காலின் கீழ் தொங்கும். களத்தில் அதைத் தரையில் இறக்கிப் பீரங்கியை அதன்மேல் ஏற்றுவார்கள். சட்டத்தின் மீது குழாய் பக்கத்துக்கு 4 பாகைதான் திரும்பும். தட்டின்மேல் நின்றாலோ, ஒரே ஆள் பின்காலைத் தூக்கிப் பீரங்கி முழுவதையும் எத்திசைக்கும் சுழற்றிவிடலாம். இப்பீரங்கியின் சூட்சுமமே இதுதான்.

இதை அறியாத நான், குறிப்புத்தாளில் முதலில் கண்ட படத்தின்படி தட்டைப் பின்காலின் கீழே ஒட்டிவிட்டேன். தாத்தா இம்முறை நன்றாகவே பார்த்தார். விரலால் தடவினார். தட்டைத் தொட்டு, "இதைக் கீழே இறக்கு" என்றார்.

"முடியாது தாத்தா, ஒட்டிட்டேன்" என்று காதருகே கத்தினேன்.

"இறக்காம எப்படிடா சுடுவே?"

பிளாஸ்டிக் பசை சாதாரணக் கோந்து போன்றதன்று. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிரிக்க முயன்றால் உறுப்புத்தான் உடையும். ஆகவே பயண நிலையா, சுடும் நிலையா என்பதைப் பசை திறக்குமுன் முடிவு செய்க. இரு நிலைக்கும் வேண்டிய உறுப்புகள் பெட்டியில் உள்ளனவா என்று வாங்குமுன் குறிப்புத்தாளைப் பார்த்து அறிக. பயண நிலையாயின் பீரங்கி மட்டும் போதாது. இழுவை வண்டியும், இடையில் 32 குண்டுகளைச் சுமக்கும் பெட்டி வண்டியும் வேண்டும். மூன்றும் வரிசையாக நிற்க ஒன்றரைச் சாண் இடம் வேண்டும்; செலவும் அதற்கேற்ப ஏறும்.

3. காலம்

ஒரே பெயருடைய பீரங்கியும் ஆண்டுதோறும் மாறும். 25 பவுண்டரின் குழாய் முனையில் தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. டாங்கியை எதிர்த்து மிகுந்த மருந்திட்டுச் சுடும்போது பீரங்கி நிலைகுலைந்ததால், அதைத் தணிக்க 1942இல் முனைத்தடுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆகவே வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் தொடக்க காலப் போர்களைக் காட்ட விரும்புவோர் தடுப்பில்லாத குழாயைத் தேட வேண்டும். 1971ஐக் காட்ட விரும்பும் எனக்குத் தடுப்புள்ளது வேண்டும். பெட்டியின் மேலுள்ள வண்ணப் படத்தை நம்பாதீர்கள். உள்ளேயுள்ள உறுப்புப் பட்டியலை நம்புங்கள்.

4. பொருள்

குழாய் எவ்வாறு வார்க்கப்பட்டுள்ளது என்று நோக்குக. இரு பாதியாக வந்தால் ஒட்டுக்கோட்டைத் தேய்த்து அழிக்க வேண்டும். அளவு மீறித் தேய்த்தால் உருண்டைக் குழாய் முட்டை வடிவாகிவிடும். ஒரே துண்டாக வருவது புதியவர்க்கு நல்லது. மெல்லிய பித்தளைத் தகட்டு உறுப்புகள் காப்புத் தகட்டுக்கு அழகு தரும். எனினும் முதல் முயற்சிக்கு வேண்டா. அவை பிளாஸ்டிக் பசைக்கு ஒட்டா. வேறு பசையும் நிதானமான கையும் வேண்டும். பழைய அச்சுகளைப் புதிய பெட்டியில் இட்டு விற்பதும் உண்டு. அவற்றில் ஓரப் பிசிறு மிகுதியாக இருக்கலாம். விலை குறைவாயின், சீவிக் கொள்ளப் பொறுமையுள்ளவர் தாராளமாக வாங்கலாம்.

5. ஆட்கள்

இதை நான் எண்ணியே பார்க்கவில்லை. அன்று திண்ணையில் தாத்தா பீரங்கியின் இடப்பக்கத்தில் சுட்டுவிரலை வைத்து, "இங்கதான் நான்" என்றார். குறிபார்க்கும் கருவியும், குழாயை உயர்த்தித் திருப்பும் கைச்சக்கரங்களும் அப்பக்கமே உள்ளன. பிறகு விரல் நகர்ந்தது. வலப்பக்கம், குண்டை உள்ளே இடித்துத் தள்ளுபவர். பின்னால், குண்டை இடுபவர். பெட்டி வண்டியருகே, மருந்துப் பைகளை எண்ணிக் கொடுப்பவர். ஆறு பேரின் இடத்தையும் காட்டினார். ஆறு பேரின் பெயரையும் சொன்னார். அவற்றுள் ஒரு பெயரைச் சொன்னபின் சற்று நேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகையால் என் மூன்றாவது பெட்டியை ஆட்களோடு கூடியதாகத் தேர்ந்தேன். அவர்கள் பிரிட்டிஷ் உடையில் இருக்கிறார்கள். கத்தியும் மாவும் கொண்டு மாற்ற வேண்டும். 1/35 அளவில் ஓர் ஆள் 5 சென்டிமீட்டர் உயரம். தாத்தாவின் கண்ணுக்கு அது போதும்.

பெட்டி இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. தட்டு தரையில் இறங்கியிருக்கும். குழாய் முனையில் தடுப்பு இருக்கும். பொங்கல் விடுமுறைக்குள் முடிய வேண்டும். நுண்ணிய தூரிகை பிடிக்கப் பழகிய தோழர் எவரேனும் இருப்பின், சனிக்கிழமை மாலைகளில் என் அறைக்கு வருக. ஆறு முகங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டியுள்ளது.