கறுத்துப்போகும் கவரிங்கும் வாடிக்கையாளர் வீட்டுப் பீரோவும்

பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் நம் உறுப்பினர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது காதில் அதிகம் விழும் புகார் "கறுத்துப் போச்சு" என்பதுதான். அடுத்தது "கல் விழுந்துடுச்சு". மூன்றாவது "பை தோல் தோலா உரியுது". இந்தப் புகார்களுக்கு நம்மில் பலர் கைவசம் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு: "உங்களுக்குச் சூட்டு உடம்பும்மா, அதான்."

நானும் பல வருடங்கள் இந்தப் பதிலைச் சொல்லியே பிழைத்தவன். அது எவ்வளவு தவறு என்பதை ஒரு டீச்சரம்மா எனக்குப் புரிய வைத்தார். தம்பி கல்யாணத்துக்கு என்று என்னிடம் ஒரு கவரிங் ஆரம் வாங்கிப் போனவர், இரண்டு மாதம் கழித்து அதைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். பாதி ஆரம் பொன்னிறம், பாதி கரி. நான் வழக்கம்போல் சூட்டு உடம்பு என்றேன். "அண்ணாச்சி, நான் போட்டது ஒரே ஒரு நாள். மத்த நாளெல்லாம் நீங்க குடுத்த கவர்ல, நீங்க போட்ட ரப்பர் பேண்டோட பீரோவுலதான் கிடந்துச்சு. பீரோவுக்குமா சூட்டு உடம்பு?" என்று கேட்டார். கடையில் நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து ஏதோ பேசிவிட்டேன். அவர் ஆரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு கடை அடைக்கும் முன் அதே ரகச் சங்கிலிகள் இருந்த டிராயரை இழுத்துப் பார்த்தேன். டஜன் டஜனாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். யார் கழுத்திலும் ஏறாத சரக்கு. ஒவ்வொரு கட்டிலும் ரப்பர் பேண்டு தொட்ட இடத்தில் மட்டும் கோடு இழுத்தாற்போல் கறுப்பு. மறுநாள் பையனிடம் புது ஆரம் கொடுத்தனுப்பினேன். டீச்சரம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. அவரோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகளும் வரவில்லை.

ஆகவே நம் சரக்கு விற்ற பிறகு எங்கே, எதற்குள், எதனோடு கிடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நகை கழுத்தில் இருப்பது வருடத்தில் பத்து நாள். மீதி நாளெல்லாம் பீரோவில்.

முதலில் கறுப்பு எதனால் வருகிறது என்று பார்ப்போம். கவரிங் நகையில் உள்ளே இருப்பது செம்பு அல்லது பித்தளை. மேலே ஏற்றியிருப்பது தங்க முலாம். அதன் கனம் பல சரக்குகளில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு. நம் தலைமுடியின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்றால் முலாம் எவ்வளவு மெல்லியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'ஒரு கிராம் தங்க நகை' என்ற பெயரில் விற்பதும் முலாம் பூசிய நகைதான். அதில் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு உண்மையைச் சொல்லி விற்பதே நமக்கும் நல்லது.

இவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கும். தங்கம் கறுப்பதில்லை. அந்தத் துளை வழியாக உள்ளே இருக்கும் செம்பு கறுத்து மேலே வருகிறது. செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைப்பது கந்தகம். ரப்பரை உறுதியாக்குவதற்குக் கந்தகம் சேர்த்துத்தான் பக்குவப்படுத்துகிறார்கள். அதனால்தான் ரப்பர் பேண்டு பட்ட இடம் கோடாகக் கறுக்கிறது. கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. ஸ்வெட்டர் மடித்து வைத்திருக்கும் தட்டில் வெள்ளிக் கொலுசைப் போட்டு வைத்தால் கறுப்பது இதனால்தான். வியர்வையில் இருக்கும் உப்பு வேறு வகையில் செம்பை அரிக்கிறது, அப்போது பச்சை பூக்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை கூடுதல். உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போட்டுக் கழற்றிய நகையைத் துடைக்காமல் டப்பாவுக்குள் போட்டு மூடினால், வியர்வை உள்ளேயே இருந்து மாதக்கணக்கில் வேலை செய்யும்.

வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியது சிக்கலானதல்ல. பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக நகையைப் போட வேண்டும், வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டும். பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்து, கால் மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்து, பிறகு ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனி ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். கவரிலும் வித்தியாசம் உண்டு. மெத்தென்ற, வாடை அடிக்கும் பி.வி.சி. கவர் நாளாக ஆகக் கசிந்து உலோகத்தைப் பச்சையாக்கும். வாடையில்லாத பாலிதீன் கவர் நல்லது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை, நாம்தான் கவனித்து வாங்குவதில்லை.

கறுத்த நகையைப் புளி போட்டும், பல்பொடி போட்டும், சாம்பல் போட்டும் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பித்தளைச் செம்புக்கு அது சரி. கவரிங்கைத் தேய்த்தால் கறுப்போடு முலாமும் போகும். அதே ஆரத்தைக் கொண்டுவந்து "உங்க நகை வெளுத்துப் போச்சு" என்பார்கள்.

கல் விழும் கதை வேறு. வெள்ளைக்கல் தோடு, நெற்றிச்சுட்டி, ஜடை பில்லை போன்றவற்றில் கல்லைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பல கற்களின் பின்புறம் பளபளப்புக்காக மெல்லிய பூச்சும் இருக்கும். தண்ணீரில் முக்கிக் கழுவினால் ஈரம் கல்லுக்குப் பின்னே போய்த் தங்கும். பூச்சு கெட்டுக் கல் மங்கும், பிறகு பசையும் விடும். ஆகவே கல் வைத்த கவரிங்குக்குத் தண்ணீர் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். தோட்டின் திருகு தொலைவது இதைவிடப் பெரிய நஷ்டம். ஒரு திருகு தொலைந்தால் அந்த ஜோடியையே பெண்கள் மறந்துவிடுகிறார்கள். அஞ்சலட்டை போன்ற கெட்டி அட்டையில் இரண்டு துளை போட்டு, தோட்டைச் செருகிப் பின்னால் திருகை மாட்டி வைத்தால் ஜோடி பிரியாது. உதிரித் திருகுகளை ஒரு டப்பாவில் வைத்து விற்கும் கடைக்குத் திருகு வாங்க வருகிறவர்கள் வெறும் திருகோடு திரும்புவதில்லை என்பது என் அனுபவம்.

வளையலுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடி வளையல் நம்மிடம் உடைவதைவிட வாடிக்கையாளர் வீட்டில் உடைவது அதிகம். அம்மா வளையல், மகள் வளையல், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டி வைப்பதும், அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டி அழுத்துவதுமே காரணம். வளையல் அளவு பல வருடம் கடை நடத்துகிறவர்களுக்கே சரியாகப் புரிவதில்லை. 2-4 என்றால் இரண்டு புள்ளி நான்கு அங்குலம் அல்ல. ரூபாய்க்கு 16 அணா என்று முன்பு இருந்ததுபோல இங்கே அங்குலத்துக்கு 16 பங்கு. 2-4 என்பது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். 2-6 என்றால் சுமார் 60, 2-8 என்றால் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு படிக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எனவே நாம் விற்கும்போதே அளவை எழுதிய ஒரு சிறு சீட்டை வளையலோடு வைத்துக் கட்டிவிட்டால் வீட்டிலும் அது பிரிந்தே இருக்கும். பழைய புடவைத் துணியை இறுகச் சுருட்டி உருளையாக்கி, அதில் வளையல்களைக் கோத்துப் படுக்க வைப்பது நம் பாட்டிமார் செய்தது. பிளாஸ்டிக் ஸ்டாண்டைவிட அது மேல் என்பேன், ஒன்றோடொன்று மோதாது.

ஐதராபாத் லாட் பஜாரிலிருந்து வரும் அரக்கு வளையலுக்குச் சூடு ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பீரோவின் மேல் வைத்தால் சித்திரை வெயிலில் அரக்கு இளகிக் கல் உதிரும். கீழ்த் தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

முத்து பற்றிச் சுருக்கமாக. அசல் முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பும் வியர்வையும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். நூலில் கோத்த மாலையை ஆணியில் தொங்கவிட்டால் நூல் தொய்யும், துணிப் பையில் படுக்க வைக்க வேண்டும். இமிடேஷன் முத்து என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணியின் மேல் பூச்சு. அதன் மேல் சென்ட் அடித்தால் பூச்சு உரியும்.

இனிக் கைப்பைகள். இதில்தான் நம் பணம் அதிகம் முடங்குகிறது. இன்று விற்கும் பைகளில் பெரும்பாலானவை அசல் தோல் அல்ல, துணியின் மேல் பாலியூரிதேன் பூசியவை. இந்தப் பூச்சைக் காற்றில் இருக்கும் ஈரமே மெல்ல மெல்ல உடைத்துவிடும். உபயோகிக்காமல் கவரிலேயே வைத்திருந்தாலும் சில வருடங்களில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். "புதுசு, ஒரு தடவைகூட எடுக்கலை" என்று அந்த அம்மாள் சொல்வது பொய்யல்ல. "விசேஷத்துக்கு மட்டும் எடுங்கள்" என்று நாம் சொல்லும் யோசனைதான் பொய். இந்தப் பையை வாங்கினால் எடுத்து உபயோகிக்கச் சொல்ல வேண்டும். அசல் தோல் பை என்றால் அப்படியல்ல, பல வருடம் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கித் திணித்து, துணிப் பையில் போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் ஆற வைத்தால் போதும்.

பையோடு வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தைப் பலர் பொக்கிஷம்போல் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டால் பிறகு வெறும் மணல்தான். நீலமாக இருந்து ரோஸ் ஆகும் ரகம் என்றால் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்த நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது, குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. அந்துருண்டையை நகைப்பெட்டியில் போடுவதும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் மணிகளை இளக்கிவிடும்.

இதையெல்லாம் கவுன்ட்டரில் நின்று பேச நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான், அதுவும் தீபாவளி சமயத்தில். நான் செய்தது இதுதான். விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு சீட்டு அச்சடித்தேன். ஒரு பக்கம் கடை முகவரி. மறுபக்கம், "வியர்வையைத் துடைத்து ஆறவைத்து மூடவும். தண்ணீர், புளி, பல்பொடி வேண்டாம். ரப்பர் பேண்டு போட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனிக் கவரில் வைக்கவும்." இவ்வளவுதான். நகை வைக்கும் கவருக்குள்ளேயே அதைப் போட்டுக் கொடுக்கிறேன். கூடவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஜிப் கவர் கட்டு, வளையல் பெட்டி, அறை பிரித்த தோடு டப்பா ஆகியவற்றை வைத்தேன். ஆரம் வாங்குகிறவர்களில் பலர் கேட்காமலே ஒரு கட்டுக் கவரும் சேர்த்து எடுக்கிறார்கள்.

சட்டமும் இப்போது கவனிக்க வேண்டியதாகிவிட்டது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் கவலையில்லை என்று நினைத்த காலம் போய்விட்டது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்கில் வருகிறது. பராமரிப்பு முறையை எழுதிக் கொடுத்திருந்தால், குறை சரக்கிலா, வைத்திருந்த முறையிலா என்று பேசவாவது நமக்கு ஒரு பிடி இருக்கும்.

ஆனால் நம் டிராயரில் ஏற்கனவே கறுக்கத் தொடங்கிய சரக்கை விற்றுவிட்டு, வாடிக்கையாளர் கையில் சீட்டைக் கொடுப்பதில் பயனில்லை. மொத்தக் கடையிலிருந்து கட்டு வந்து இறங்கியதும் ரப்பர் பேண்டுகளை அறுத்துப் பருத்தி நூலால் கட்டுங்கள். பைகளின் அட்டைப்பெட்டி மேல் வந்த மாதத்தையும் வருடத்தையும் எழுதி, பழையது முன்னால், புதியது பின்னால் அடுக்குங்கள். பரணில் கைப்பை ஏற்ற வேண்டாம், வெயில் சூடும் மழை ஈரமும் அங்கேதான் அதிகம். ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு எல்லா டிராயரையும் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்ததைத் தனியே எடுத்து, மறுமுலாம் போட முடிந்ததை அனுப்பி, முடியாததை நஷ்டக் கணக்கில் எழுதிவிடுங்கள்.